தடைக்காலத்தில் வீடு தேடி வரும் கல்லூரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியலுக்கான கட்-ஆஃப் 158 வருகிறது. சென்னைப் பக்கம் உள்ள ஒரு தனியார் கல்லூரியின் ஆள் வீட்டுக்கே வந்து, நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் இருக்கிறது, இந்த வாரத்திற்குள் முன்பணம் கட்டினால்தான் நிற்கும் என்கிறார். என் வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கையில் பணமில்லை. நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா?
– ஒரு தாய், மண்டபம்

பதில்: வேண்டாம் அம்மா. நகையை எடுக்கவும் வேண்டாம், முன்பணம் கட்டவும் வேண்டாம். உங்கள் மகளுக்கு ஏற்கெனவே உள்ள உரிமையை அந்த ஆள் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குத் தரகு கிடைக்காது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை 2021ஆம் ஆண்டின் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. இவர்களுக்குத் தனித் தரவரிசைப் பட்டியல் வெளியிடப்படும். பொதுப் பட்டியலில் பின்னால் நிற்கும் 158, இந்தப் பட்டியலில் நன்றாகவே முன்னேறி வரும். இவ்வழியில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொள்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பது இதற்கு மேல். ஆனால் 7.5 விழுக்காட்டுச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டால் அது போயிற்று.

இந்த ஆட்கள் வரும் காலத்தையும் கவனியுங்கள். நம் கரையில் விசைப்படகுகளுக்கான தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். பிளஸ் டூ முடிவு வெளிவருவதும் அதே நாட்களில்தான். வீட்டில் வருமானம் நின்று, பிள்ளையின் எதிர்காலம் குறித்த பதற்றம் மட்டும் மிஞ்சியிருக்கும் வேளையில் "இந்த வாரத்திற்குள்" என்ற சொல்லுக்குத் தனி வலிமை வந்துவிடுகிறது. பொறியியல் கலந்தாய்வோ வழக்கமாக ஜூலையில்தான் தொடங்கும். அதற்குள் படகுகள் மீண்டும் கடலுக்குப் போயிருக்கும். உங்கள் மகள் இப்போது செய்ய வேண்டியது, உரிய நாளுக்குள் இணையத்தில் விண்ணப்பித்து, சாதிச் சான்றிதழையும் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றையும் தயாராக வைத்திருப்பது மட்டுமே.

இனிக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கு வருவோம். விளம்பரப் பலகையில் ஒரே ஒரு மாணவரின் படமும் அவருக்குக் கிடைத்த பெரிய சம்பளமும் இருக்கும். அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. தேசியத் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளத்தின் இடைநிலை அளவு என்ன என்பதையெல்லாம் எழுதித் தந்தாக வேண்டும். அந்த ஆவணம் அவற்றின் இணையதளத்திலேயே இருக்கும். இடைநிலை என்றால், வேலை பெற்றவர்களில் பாதிப்பேர் அதற்குக் கீழே, பாதிப்பேர் அதற்கு மேலே வாங்குகிறார்கள் என்று பொருள். உங்களுக்கு வேண்டிய எண் அதுதான். தம்மோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகமும் பருவந்தோறும் வெளியிடுகிறது. இருபது, முப்பது விழுக்காட்டைத் தாண்டாத கல்லூரிகளின் பெயர்களை அதில் பார்த்தால், அவற்றின் நுழைவாயில் எவ்வளவு உயரம் என்பது மறந்துவிடும். அங்கீகாரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் தரும் சான்று கல்லூரி முழுமைக்கும் உரியது; பாடப்பிரிவுகளை மதிப்பிடும் என்.பி.ஏ. தரும் அங்கீகாரம் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி. இயந்திரவியலுக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டிக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஆள் சேர்க்கும் இடங்கள் இருப்பதால், உங்கள் மகள் சேரவிருக்கும் துறைக்கு அது இருக்கிறதா என்றே கேளுங்கள்.

பாடப்பிரிவா, கல்லூரியா என்று கேட்டால் நான் கல்லூரியின் பக்கம்தான் நிற்பேன். பாடம் ஒழுங்காக நடக்கும் கல்லூரியில் மின்னியல் படித்தவர் மென்பொருள் வேலைக்குப் போவதை நாள்தோறும் காண்கிறோம். ஆசிரியர் இல்லாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர் எங்கும் போக முடியாமல் நிற்பதையும் காண்கிறோம். எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸே கேட்பதால் மற்றத் துறைகளின் இடங்கள் நல்ல கல்லூரிகளிலும் குறைந்த கட்-ஆஃபுக்குக் கிடைக்கின்றன என்பது உங்கள் மகளுக்குச் சாதகம். இராமநாதபுரத்தை அடுத்த புல்லங்குடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே இருக்கிறது. விருப்பப் பட்டியலில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். முடிவெடுக்கும் முன் வேலை நாள் ஒன்றில் நேரில் போய், அலுவலகத்தில் விசாரிப்பதைவிட மூன்றாம் ஆண்டு மாணவியரிடம், ஆய்வகம் வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது, விடுதியில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள்.

ஒருவேளை எங்காவது பணம் கட்டி, வகுப்பு தொடங்கும் முன்னரே விலக நேர்ந்தால், செயலாக்கக் கட்டணமாக 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் விதி. மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கல்லூரிக்கு உரிமையில்லை.

கேள்வி: என் மகன் கப்பல் படிப்பு படிக்க ஆசைப்படுகிறான். ஆறு மாதப் பயிற்சி முடித்தால் உடனே வெளிநாட்டுக் கப்பலில் ஏற்றிவிடுவதாக ஒரு முகவர் சொல்கிறார். நம்பலாமா?
– ஒரு தந்தை, தேவிபட்டினம்

பதில்: அந்தப் பயிற்சி நிறுவனத்தின் பெயர் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால் மேற்கொண்டு பேச எதுவுமில்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருந்தால், 2008இல் தொடங்கப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதுவதே நேர்வழி. அதன் தலைமையிடம் சென்னையில் இருக்கிறது. கப்பலைச் செலுத்தும் பணிக்கான நாட்டிகல் சயின்ஸ் மூன்றாண்டுப் படிப்பு, கப்பல் இயந்திரங்களுக்கான மரைன் இன்ஜினியரிங் நான்காண்டுப் படிப்பு. எந்த வழியில் போனாலும், ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் மகனுக்குக் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். நிறக்குருடு உள்ளவர்களைக் கப்பலின் மேல்தளப் பணிக்கு எடுப்பதில்லை. பணம் கட்டிய பிறகு இதை அறிந்து திரும்பி வருகிறவர்கள் உண்டு.

கேள்வி: நீட் தேர்வில் மதிப்பெண் வராததால் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்தேன். ஊரில் எல்லோரும் "வேறு இடம் கிடைக்கவில்லையா" என்று கேட்கிறார்கள். இந்த மூன்றாண்டும் வீண்தானா? மீண்டும் நீட் எழுதலாமா?
– முதலாண்டு மாணவர், தொண்டி

பதில்: விலங்கியல் படிப்பதற்கு நீங்கள் இருக்கும் ஊரைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் குறைவு, தம்பி. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் உங்கள் மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி வரை கிடக்கின்றன. பாக் விரிகுடாவில் உங்களுக்கு வடக்கே கடற்பசுவுக்கென்றே 2022இல் ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டது. 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையிடம் முன்பு மண்டபத்தில்தான் இருந்தது. அது பின்னர் கொச்சிக்கு மாறினாலும் மண்டபம் மையம் இன்றும் இயங்குகிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியிலேயே இருக்கிறது. இவற்றுக்காக வெளிமாநிலத்திலிருந்து மாணவர்கள் ரயிலேறி வருகிறார்கள்.

உங்கள் துறைத் தலைவரின் கடிதத்தோடு மண்டபம் மையத்திற்கு எழுதி, கோடை விடுமுறையில் ஒரு மாதம் உடனிருந்து வேலை கற்றுக்கொள்ள அனுமதி கேளுங்கள். முதல் முறை மறுத்தால் அடுத்த பருவத்தில் மறுபடி கேளுங்கள். மாணவர்கள் கேட்பதே அரிது என்பதால் இரண்டாவது கடிதத்தைப் படிப்பார்கள். அதுவரை, கரைக்கு வரும் மீன்களின் உள்ளூர்ப் பெயரையும் அறிவியல் பெயரையும் படத்தோடு குறித்து வாருங்கள். வலை இழுக்கும் பெரியவர்களுக்குத் தெரிந்த பல செய்திகள் உங்கள் பாடநூலில் இல்லை. அந்தக் குறிப்பேடு பின்னாளில் நேர்முகத் தேர்வில் உங்களுக்காகப் பேசும். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே பணம். அவை ஆங்கிலத்தில் இருப்பது தொடக்கத்தில் தடையாகத் தோன்றும். அந்த ஆங்கிலம் பழகிவிட்டால், அதற்கெனத் தனியாக எந்தப் பயிற்சி நிலையத்திற்கும் போக வேண்டியதில்லை.

மேற்படிப்பில் ஓர் எச்சரிக்கை. விலங்கியல் முடித்து மீன்வள முதுநிலைப் படிப்பான எம்.எஃப்.எஸ்ஸி. சேரலாம் என்று சிலர் சொல்வார்கள்; அதற்கு மீன்வள இளநிலைப் பட்டமான பி.எஃப்.எஸ்ஸி. கேட்கிறார்கள். உங்களுக்கு உரியது எம்.எஸ்ஸி. கடல் உயிரியல் வழி. அதற்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம் பெயர்பெற்ற இடம். ஊர்க்காரர்கள் கேட்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இராமேசுவரத்துக் கலாம் அவர்களும் திருச்சி புனித வளனார் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த பிறகே சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலுக்குப் போனார்.

நீட் தேர்வுக்கு வயது உச்சவரம்பு இல்லாததால் மீண்டும் எழுதத் தடையில்லை. ஆனால் கல்லூரியை விட்டுவிட்டு ஓராண்டு வீட்டில் உட்கார்ந்து படிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். வருகைப்பதிவு குறையாமல், அரியர் விழாமல் முதலாண்டை முடித்துக்கொண்டே ஒரு முறை எழுதுங்கள். அதிலும் வரவில்லையென்றால் இரண்டாம் ஆண்டில் அந்தப் புத்தகங்களைத் தம்பி தங்கையிடம் கொடுத்துவிட்டு, மண்டபத்திற்கு எழுத வேண்டிய கடிதத்தை எழுதுங்கள்.