கிறிஸ்தவப் பாடகர் பாப் ஆல்பம் போட்டால் விசுவாசத்தை விட்டுவிட்டார் என்று அர்த்தமா?

இந்தக் கேள்வி எங்கள் சபையில் 1991-லேயே வெடித்து ஓய்ந்தது. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் நான் அப்போது ஃபாரம் ஃபோர் படித்துக்கொண்டிருந்தேன். வாலிபர் கூட்டத்தில் கிட்டார் வாசிக்கும் அண்ணன் ஒருவர் ஃபெர்ரி ஏறி பினாங்கு டவுனுக்குப் போய் ஒரு கேசட் வாங்கி வந்தார். அமெரிக்கக் கிறிஸ்தவப் பாடகி ஏமி கிரான்ட் பாடிய பாப் ஆல்பம், 'ஹார்ட் இன் மோஷன்'.

ஏமி எங்களுக்குப் புதுசு இல்லை. 1982-ல் வந்த 'ஏஜ் டு ஏஜ்' ஆல்பத்தின் 'எல் ஷடாய்' பாட்டை அந்த அண்ணன் வாசிக்காத வாரமே கிடையாது. அப்படிப்பட்டவர் 'பேபி பேபி' என்று பாடுகிறார், அதுவும் அமெரிக்காவில் பில்போர்டு பாப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் என்றால்? பாடகர் குழுவை நடத்திய பெரியவருக்கு (சபையில் எல்லோருக்கும் அவர் மாமாதான்) முகமே மாறிவிட்டது. "ஆண்டவரைப் பாடின வாய்டா இது" என்றார்.

அந்தப் பாட்டை ஏமி எழுதத் தூண்டியது காதலன் அல்ல, தன் ஆறு வாரக் குழந்தையின் முகம். மெட்டு கீத் தாமஸ் போட்டது. ஆனால் வீடியோவில் ஓர் இளைஞனோடு கொஞ்சிச் சிரித்தபடி வருவார். அமெரிக்கக் கிறிஸ்தவர்களில் பலருக்கு அதுதான் உறுத்தியது. இங்கே மாமாவுக்கு வீடியோ வரை போக வேண்டியிருக்கவில்லை, தலைப்பே போதுமாக இருந்தது.

ஒரே ராத்திரியில் ஏமி கட்சி மாறியதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 1985-ல் 'அன்கார்டட்' ஆல்பத்திலேயே பொதுச் சந்தைக்குக் கதவைத் திறந்துவிட்டார். 1986-ல் பாப் பாடகர் பீட்டர் செட்டெராவோடு பாடிய டூயட் அதே பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. 1991-ல் நடந்தது, அந்த முதலிடம் அவருக்குத் தனியாகக் கிடைத்ததுதான். அமெரிக்காவில் மட்டும் 'ஹார்ட் இன் மோஷன்' விற்பனை 50 லட்சத்தைத் தாண்டியது, கிராமி இசை விருதில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான பட்டியலிலும் இடம்பிடித்தது.

எனக்கு ரொம்ப நாள் கழித்து உறைத்த விஷயம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'யூ' என்றால் கடவுளும் 'யூ', காதலனும் 'யூ', தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் 'யூ'. கேட்கிறவர் யாரை வேண்டுமானாலும் மனதில் வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்தவப் பாடகர் பாப் பக்கம் போக ஆங்கிலத்தில் அகலமான பாலமே இருக்கிறது. நம் சபைத் தமிழில் அந்தப் பாலம் இல்லை. நாம் பாடுவது 'வாரும்', 'தாரும்', 'உம்மையே நம்பினேன்'. முதல் வரியிலேயே இது ஆராதனைப் பாட்டு என்று தெரிந்துவிடும். காதலியைப் பார்த்து 'நீர் வாரும்' என்று பாடினால் சிரிப்பார்கள். முருகனை 'நீ வா' என்று உரிமையோடு கூப்பிடும் வழக்கம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. எங்களுக்கு அது கொஞ்சம் கூச்சம். பழைய கீர்த்தனைகள் சிலவற்றில் 'நீ' உண்டு, இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அதனால் தமிழ்க் கிறிஸ்தவப் பாடகர் வெளியே வந்தால் மெட்டு மாறுவதற்கு முன்னால் 'நீர்' போய் 'நீ' வந்துவிடும். கேட்கிறவர்களுக்கு உடனே சுருக்கென்று இருக்கும். மாமாவைக் குறுகிய மனசுக்காரர் என்று அன்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் பேசினோம். ஆங்கிலப் பாட்டையும் அவர் தமிழ்க் காதோடு கேட்டிருக்கிறார் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

என் பதில்: விட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. தச்சர் சபைக்குப் பெஞ்சு செய்கிறார், காப்பிக் கடைக்கும் மேசை செய்கிறார். பாடகரிடம் மட்டும் வேறு கணக்குக் கேட்பானேன்? ஆனால் வேதத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டம் சேர்த்துவிட்டு, பிறகு அந்தப் பெயரைச் சொல்லவே கூச்சப்படுகிறார் என்றால் கேட்கிறவர்களின் வருத்தமும் நியாயம்தான். ஏமி அப்படிச் செய்ததாக எனக்குப் படவில்லை. அதே ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஹோப் செட் ஹை'. அதில் இயேசுவின் பெயர் ஒளிவுமறைவு இல்லாமல் வருகிறது.

இதை மாமாவிடம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. "என்னதான் பாடியிருக்கிறாள் என்று பார்க்கிறேன்" என்று கேசட்டை வாங்கிப் போனவர், இரண்டு வாரம் கழித்து ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பி சைடு கடைசி வரை ஓடி, நாடா முழுதும் ஒரே பக்கம் சுற்றியிருந்தது.