புது எக்ஸ்ட்ராக்டர் மாட்டிய பிறகு போல்ட் இறங்க மறுக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாத்தாவிடமிருந்து முறைப்படி உரிமம் மாற்றி வந்த ரைஃபிள் என்னுடையது. மவுசர் 98 போல்ட் (குழலின் பின்வாயை மூடும், கைப்பிடி உள்ள உருளை), 7×57 தோட்டா. தோட்டாக் கூட்டைக் குழலிலிருந்து பின்னுக்கு இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி ஓரத்தில் உடைந்துவிட்டது. புதிது வாங்கி மாட்டினால் கைப்பிடி கடைசி அரை அங்குலம் இறங்குவதில்லை. கொக்கியைக் கொஞ்சம் ராவிவிடலாமா? – வாசகர், குன்னூர்

பதில்: இப்போதே ராவ வேண்டாம். எங்கே இடிக்கிறது என்று தெரியாமல் அரம் போட்டால் புது உருப்படியும் வீணாகும்.

வாங்கியது சரியான உருப்படிதானா என்று முதலில் பாருங்கள். மவுசர் 93, 95, 96 மாடல்களின் எக்ஸ்ட்ராக்டர் 98-க்கு ஆகாது. 98 குடும்பத்திலேயே யுகோஸ்லாவிய எம்48 போன்றவற்றின் போல்ட் சற்றுக் குட்டை. மேக்னம் தோட்டாவுக்கானதில் கொக்கி வேறு அளவு. ஆனால் 7×57, 8×57, .30-06, .308 நான்கின் அடிவிளிம்பும் சுமார் 12 மி.மீ. விட்டம்தான். அவற்றுள் எதற்கென்று விற்றிருந்தாலும் உங்களுக்கு ஆகும்.

இனி சோதனை. சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை), மேகஸின் (தோட்டா அடுக்கும் பெட்டி) இரண்டும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டாவைத் தவிர வேறெதுவும் மேசையில் இருக்கக் கூடாது. கொக்கியின் முன்முனையிலும் வெளிமுதுகிலும் கறுப்பு மார்க்கர் பூசி, காலி சேம்பரில் போல்ட்டை மெதுவாக மூடுங்கள்.

காலியாக இருக்கும்போதே மறுத்தால் கொக்கியின் உள்பக்கத்துக்கு அதில் சம்பந்தமில்லை. முன்முனையில் மை அழிந்திருந்தால் எக்ஸ்ட்ராக்டர் நீளம் அதிகம். முனை உள்ளே போய் முட்டுகிறது. முதுகில் அழிந்திருந்தால் ரிசீவர் (போல்ட் ஓடும் உடற்பகுதி) சுவரில் உரசுகிறது. மை போன இடத்தை மட்டும் மெல்லிய எண்ணெய்க்கல்லால் தேய்த்து, நாலைந்து தேய்ப்புக்கு ஒருமுறை மாட்டிப் பாருங்கள். காலியில் சுகமாக மூடி, டம்மி இருக்கும்போது மட்டும் மறுத்தால் கொக்கிக்கும் போல்ட் முகத்துக்கும் (தோட்டாவின் அடி ஒட்டும் முன்பரப்பு) உள்ள இடைவெளி போதவில்லை, அல்லது கொக்கி நுனி தோட்டாவின் அடிவிளிம்புக்கு முன்னுள்ள பள்ளத்தின் அடியைத் தொடுகிறது. முதலாவதென்றால் கொக்கியின் பின்முகத்தைத் தேயுங்கள், நுனி தொட்டால் நுனியை. கொக்கி நுனி பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது.

கை வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. எக்ஸ்ட்ராக்டரின் உள்பக்கம், முனைக்குச் சற்றுப் பின்னால், குறுக்கே ஒரு சிறு உதடு இருக்கும். அது போல்ட் தலையின் பள்ளத்தில் உட்காரும். அதன் முன்முகமும் பள்ளத்தின் முன்சுவரும் லேசாகச் சரிந்திருக்கும். தோட்டாக் கூடு சிக்கி இழுபடும்போது இந்தச் சரிவுதான் கொக்கியை உள்நோக்கி இறுக்குகிறது. அந்த முகத்தை நேராக்கிவிட்டால் அழுத்தம் வரும் நேரத்தில் கொக்கி வழுக்கும். உதடு பள்ளத்தில் நுழையவில்லையென்றால் பின்முகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

கழற்றும்போது கொக்கியைச் சற்றே தூக்கி, உதடு பள்ளத்தை விட்டு வெளிவரும் வரை எக்ஸ்ட்ராக்டரைப் போல்ட்டைச் சுற்றித் திருப்பி, முன்னால் தள்ளுங்கள். மாட்டும்போது, எக்ஸ்ட்ராக்டரைப் போல்ட்டோடு பிடித்துவைக்கும் வளையத்தின் இரு காதுகளையும் போல்ட்டோடு ஒட்ட அமுக்கிப் பிடித்தால் எக்ஸ்ட்ராக்டர் அதன்மேல் வழுக்கி ஏறும். வளையம் நல்ல நிலையில் இருந்தால் போல்ட்டை விட்டு எடுக்க வேண்டாம். விரித்து விரித்து மாட்டினால் தளர்ந்துவிடும்.

பழைய கொக்கி உடைந்ததற்கும் காரணம் இருந்திருக்கும். இந்த வகையில் தோட்டா மேகஸினிலிருந்து எழும்பி, கீழிருந்து கொக்கிக்குள் நுழைய வேண்டும். ஒற்றைத் தோட்டாவை நேரே சேம்பரில் போட்டு போல்ட்டை அடித்து மூடினால் கொக்கி விளிம்பின் மேல் ஏறித் தாண்ட வேண்டியிருக்கிறது. அதையே பழக்கமாக்கினால் புதியதும் அதே ஓரத்தில்தான் உடையும்.

கேள்வி: அதே 98 வகை. போல்ட் நன்றாக மூடுகிறது. ஆனால் காலிக் கூடு வெளியே தெறிக்காமல் பாதி வழியில் தொங்கி உள்ளேயே விழுகிறது. – வாசகர், மதுரை

பதில்: எக்ஸ்ட்ராக்டரின் பிடிப்பு போதவில்லை. போல்ட்டைக் கழற்றி, டம்மியைக் கீழிருந்து கொக்கிக்குள் விரலால் தள்ளுங்கள். தடையின்றி ஏற வேண்டும். ஏறியபின் லேசாக உலுக்கினாலும் தலை தொங்காமல் போல்ட் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். தொங்கினால் எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றி, வளையத்துக்கும் உதட்டுக்கும் நடுவிலுள்ள நீண்ட பகுதியை மட்டும் மிகக் கொஞ்சமாக உள்நோக்கி வளைத்து மறுபடி பாருங்கள். கொக்கிக்கு அருகில் வளைத்தால் விரிசல் விடும். சூடு காட்டவே கூடாது. ஸ்பிரிங் எஃகின் பதம் போய்விடும்.

வளைப்பது மிஞ்சினால் எதிர்த் தொல்லை வரும். மேகஸினிலிருந்து தோட்டா ஏறும்போது போல்ட் முரண்டும், பித்தளை விளிம்பில் பளபளவென்று கீறல் விழும். கொக்கியின் கீழ்மூலை கூராக இருந்தாலும் இதே கீறல் வரும். அதைச் சற்றுச் சரிவாக்கி மெருகேற்றினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கேள்வி: இஷாப்பூர் .315 ரைஃபிளில் சுட்ட கூடு வர மறுக்கிறது. எக்ஸ்ட்ராக்டரை மாற்றிவிடவா? – வாசகர், தேனி

பதில்: கூட்டின் விளிம்பைப் பாருங்கள். கொக்கி விளிம்பைக் கிழித்திருந்தால் எக்ஸ்ட்ராக்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது. குற்றம் சேம்பரில் உள்ள துரு, அழுக்கு, சொரசொரப்பில். விளிம்பு முழுதாக இருந்து கொக்கி வழுக்கியிருந்தால் முதலில் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள். லீ-என்ஃபீல்டு வழிவந்த இந்த போல்ட்டில் எக்ஸ்ட்ராக்டர் ஒரு சிறு திருகில் அசைந்தாடும் குட்டை உருப்படி. சின்ன ஸ்பிரிங் ஒன்றுதான் அதை அமுக்குகிறது, அதுதான் முதலில் சோர்ந்துபோகும். கழற்றும்போது துணி போர்த்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் பறந்துவிடும். கொக்கிக்கு அடியில் இறுகிப்போன கரியைச் சுரண்டியெடுத்தாலே சில நேரம் சரியாகும்.

எக்ஸ்ட்ராக்டரையோ ஸ்பிரிங்கையோ மாற்றுவதால் ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பரில் தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் உள்ள தூரம்) மாறாது. போல்ட் தலையையே வேறொன்றால் மாற்றினால் மாறும்; அந்தத் தூரத்தை அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள். இந்தியாவில் பழுதுபார்ப்பைத் தொழிலாகச் செய்பவருக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவரிடமே கொடுங்கள்.

கேள்வி: ரெமிங்டன் 700 ரைஃபிளில் சாக்கோ நிறுவன ரைஃபிள்களின் வகை எக்ஸ்ட்ராக்டர் போடலாம் என்கிறார்கள். நல்லதா? – வாசகர், டொராண்டோ

பதில்: பழையது உடையவில்லையென்றால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. 700-இன் போல்ட் தலை தோட்டாவின் அடியை முழு வளையமாகச் சூழ்ந்திருக்கிறது. சாக்கோ வகைக்கு அந்த வளையத்தை ஒரு பக்கம் வெட்டியாக வேண்டும். கூடு அடியில் வெடித்தால் வாயு அந்த வெட்டு வழியே பாயும், எக்ஸ்ட்ராக்டரே பிய்த்துக்கொண்டு பின்னால் வரவும் கூடும். உடைந்துவிட்டால் அதே அசல் வகையைப் போடுங்கள். உங்களுடையது ரிவெட் அடித்ததா இல்லாததா என்று பார்த்து வாங்குங்கள்.