வாசகர் கேள்வி–பதில்: அடிஸ்கேலில் ஓர் ஆன்டெனா

கேள்வி (கொருக்குப்பேட்டை வாசகர்): மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டி மாளவில்லை. என் தந்தைக்குத் தூர்தர்ஷன் செய்தி மட்டும் இருந்தால் போதும். துணி மாட்டும் ஹேங்கர் கம்பியிலேயே ஆன்டெனா செய்துவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். இது நடக்கிற காரியமா?

பதில்: நடக்கிற காரியம்தான். ஆனால் கம்பியில் கை வைப்பதற்கு முன் உங்கள் டிவியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். தூர்தர்ஷன் தனது பழைய அனலாக் ஒளிபரப்பு நிலையங்களில் மிகப் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. 2016-இல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் டிவிபி-டி2 என்னும் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. டிவியுடன் வந்த கையேட்டில் டிவிபி-டி2 என்று அச்சிட்டிருந்தால் வேறெதுவும் வேண்டாம். இல்லையென்றால் அந்த முறைக்கான செட் டாப் பாக்ஸைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். கேபிள்காரர் கொடுத்த பாக்ஸ் வேறு முறையில் இயங்குவதால் இதற்கு உதவாது. உண்மையில் செலவு இந்தப் பாக்ஸில்தான் இருக்கிறதே தவிர, ஆன்டெனாவில் இல்லை. எனவே தெரிந்தவர்களிடம் அப்படியொரு டிவியோ பாக்ஸோ இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்கி, ஆன்டெனா துளையின் நடுவில் ஒரு சாண் நீளச் செம்புக் கம்பியைச் செருகி, தெற்குப் பார்த்த ஜன்னலருகே வைத்துச் சேனல் தேடிப் பாருங்கள். ஒரு சேனலாவது தலைகாட்டினால் மேற்கொண்டு செலவு செய்யலாம். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் தேடியும் ஒன்றும் வரவில்லையென்றால் பாக்ஸ் வாங்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

இனிச் செய்முறை. ஆன்டெனாவில் முக்கியம் கம்பியின் விலை அல்ல, நீளம். 7125 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸ் கணக்கிலான அலைவரிசையால் வகுத்தால், ஒரு பக்கக் கம்பியின் நீளம் சென்டிமீட்டரில் கிடைக்கும். இந்த டிஜிட்டல் ஒளிபரப்பு 470 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட யுஹெச்எஃப் பகுதியில் நடக்கிறது. கணக்குக்கு 500 என்று கொண்டால் ஒரு பக்கத்துக்கு 14.25 செ.மீ. வரும். சேனல் தேடும்போது திரையில் அலைவரிசை எண் தெரிந்தால் அதையே போட்டு வகுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து மாடி ஆன்டெனாக்கள் அவ்வளவு பெரிதாக இருந்ததற்கும் இதே கணக்குத்தான் காரணம்: 64 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 7 அடிக்கு மேல் வரும்.

ஹேங்கர் கம்பி இரும்பு; பெயின்ட் பூச்சை உப்புத்தாளால் சுரண்டினால்தான் மின் தொடர்பு கிடைக்கும், சுரண்டிய இடமோ நம் கடற்காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய கெட்டியான ஒற்றைச் செம்புக் கம்பியையே நான் சிபாரிசு செய்வேன். 14.25 செ.மீ. அளவில் இரண்டு துண்டுகள் வெட்டி, பிள்ளைகளின் பழைய பிளாஸ்டிக் அடிஸ்கேலின் மேல், நடுவில் ஒரு செ.மீ. இடைவெளி விட்டு, ஒரே கோட்டில் படுக்கவைத்து நைலான் நூலால் இறுகக் கட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கேபிள்காரர்கள் இழுக்கும் ஆர்ஜி-6 கறுப்பு ஒயரின் நடுக்கம்பியை ஒரு துண்டின் உள்முனையிலும், வெளிவலையை முறுக்கி மற்றதின் உள்முனையிலும் இணைக்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் திணறுவார்கள். மலிவான ஒயரில் வெளிவலை அலுமினியமாக இருக்கும். அதில் ஈயம் ஒட்டவே ஒட்டாது, சால்டரிங் கம்பியைக் காய்ச்சி வைத்துக்கொண்டு போராடுவது வீண். எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும், திருகு வைத்த வெள்ளைக் கனெக்டரில் இரண்டு இணைப்புகளையும் தனித்தனித் துளையில் செருகி முடுக்கிவிடுங்கள். ஒயரின் மறுமுனைக்கு எஃப் கனெக்டர் தேவை. தெருமுனைக் கடையில் இல்லையென்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் நிச்சயம் கிடைக்கும்.

தூர்தர்ஷன் வளாகம் சேப்பாக்கம் பக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கிறது. உங்கள் ஊருக்கு அது தெற்கே, நேர்க்கோட்டில் 6 கிலோமீட்டர் அளவில்தான். ஸ்கேலை நிமிர்த்தி நிறுத்தாமல், கம்பியின் ஒரு முனை கடலையும் மறுமுனை மேற்கையும் பார்க்கும்படி கிடைமட்டமாக வையுங்கள். கம்பியின் நுனி ஒளிபரப்பு வரும் திசையை நோக்கினால் பலன் இருக்காது. அனலாக்கில் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலிலோ படம் முழுதாக வரும், அல்லது கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகும். எனவே டிவி மெனுவில் காட்டும் சிக்னல் அளவைப் பார்த்துக்கொண்டே விரற்கடை விரற்கடையாகத் திருப்ப வேண்டும்.

கேள்வி (காசிமேடு வாசகி): எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. வீட்டுக்குள்ளேயே அட்டைப் பெட்டியில் அலுமினியத் தாள் ஒட்டி வைத்தால் போதுமா?

பதில்: தகரக் கூரைக்குக் கீழே எந்த ஆன்டெனாவும் சரியாக வேலை செய்யாது, உலோகம் அலையைத் தடுத்துவிடும். சிமென்ட் ஷீட் கூரையாக இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. அலுமினியத் தாளை வீணாக்க வேண்டாம். அதற்கு நல்ல உபயோகம் ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுர அட்டையில் அதைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, ஸ்கேல் ஆன்டெனாவுக்கு வடக்கே, அதாவது சேப்பாக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில், 15 செ.மீ. தள்ளி நிறுத்தினால் அது வரும் அலையைத் திருப்பி ஆன்டெனாவின் மேல் விழச்செய்யும். மீன் முள் போல வரிசையாகக் கம்பிகள் வைத்த பழைய மாடி ஆன்டெனாக்களில் கடைசிக் கம்பி செய்வதும் இதே வேலைதான். 1926-இல் ஜப்பானில் ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்னும் பொறியாளர்கள் இருவர் உருவாக்கிய வடிவம் அது. இன்றும் யாகி-உடா ஆன்டெனா என்றுதான் அதற்குப் பெயர்.

கடலோரத்தில் இருப்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செம்பும் அலுமினியமும் சேரும் இடம் உப்பு ஈரத்தில் வெள்ளை மாவு போலப் பூத்து அரித்துவிடும். கனெக்டரின் மேல் வாஸ்லின் தடவி, எம்-சீல் வைத்து முழுதாக மூடி, ஒயர் முதலில் கீழே வளைந்து பிறகு வீட்டுக்குள் நுழையும்படி விட்டால் மழைத்தண்ணீர் ஒயர் வழியாக இறங்காது.

கேள்வி (வியாசர்பாடி வாசகர்): இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஆன்டெனாவில் ஆயிரம் சேனல், மாதக் கட்டணமே இல்லை என்கிறார்களே?

பதில்: வானில் இல்லாத சேனலை எந்த ஆன்டெனாவும் வரவழைக்காது. நம் நாட்டில் தரைவழி டிவி ஒளிபரப்பு தூர்தர்ஷனுடையது மட்டுமே. தனியார் தமிழ்ச் சேனல்கள் செயற்கைக்கோள் வழியாகவும் கேபிள் வழியாகவும்தான் வருகின்றன. அந்த விளம்பரங்களில் பலவும் வெளிநாட்டுச் சரக்கின் வாசகத்தை அப்படியே பெயர்த்துப் போட்டவை. அங்கே தனியார் நிலையங்களும் தரைவழியாக ஒளிபரப்புவதால் அந்தப் பேச்சுக்குக் கொஞ்சமாவது பொருள் உண்டு. மாதக் கட்டணம் இல்லாமல் கூடுதல் சேனல் வேண்டுமென்றால் தூர்தர்ஷனின் செயற்கைக்கோள் வழிச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. அதற்கு இரண்டடித் தட்டும், அதன் முன்னால் மாட்டி சிக்னலை வாங்கும் எல்என்பி என்னும் கருவியும் அவசியம். அதன் அலைவரிசை 10,000 மெகாஹெர்ட்ஸுக்கும் மேலே என்பதால் அடிஸ்கேல் வித்தை அங்கே பலிக்காது. தமிழ்ச் சேனல்கள் எவை வருகின்றன என்று விசாரித்துக்கொண்டு பிறகு வாங்குங்கள், ஏனெனில் அதில் இந்திச் சேனல்களே மிகுதி.

கேள்வி (எண்ணூர் வாசகர்): சிறு வயதில் கோடைக்காலத்தில் எங்கள் மாடி ஆன்டெனாவில் இலங்கையின் ரூபவாகினி தெரியும். இப்போதும் தெரியுமா? பூஸ்டர் போட்டால் உதவுமா?

பதில்: 1982-இல் தொடங்கிய ரூபவாகினியைத் தமிழகக் கடலோரத்தில் பார்த்தவர்கள் ஏராளம். கடலின் மேலுள்ள குளிர்ந்த ஈரக் காற்றுக்கு மேலே சூடான காற்று ஓர் அடுக்காகப் படிந்தால், நேரே போக வேண்டிய அலை வளைந்து வெகுதூரம் வந்து சேரும். அது வானிலை கொடுத்த வரம். பூஸ்டர் போட்டு வரவழைக்க முடியாது.

தூர்தர்ஷனைப் பொறுத்தவரை, சேப்பாக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் 16 கிலோமீட்டர் அளவில் இருக்கும் உங்களுக்கு முதலில் தேவை உயரமும், ஆன்டெனாவுக்குப் பின்னால் நிறுத்தும் அலுமினியத் தாள் ஒட்டிய அட்டையும்தான். கம்பத்தை மின்கம்பி, ரயில் மின்பாதை ஆகியவற்றிலிருந்து, சாய்ந்து விழுந்தாலும் தொடாத தூரத்தில் நடுங்கள். 2016 வர்தா புயலைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வானம் இருட்டிக்கொண்டு வருவது தெரிந்ததுமே டிவியிலிருந்து ஒயரைக் கழற்றிவிடுங்கள். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு அதைத் தொட வேண்டாம். 30 மீட்டர் ஒயரில் சிக்னலின் வலு பாதிக்கு மேல் போய்விடும் என்பதால், ஒயர் அவ்வளவு நீளமாக இருந்தால் மட்டும் பூஸ்டர் வாங்குங்கள். அதையும் டிவிக்குப் பின்னால் மாட்டாமல், மாடியில் ஆன்டெனாவை ஒட்டி மாட்டுங்கள். வழியில் இழந்த சிக்னலைப் பூஸ்டர் மீட்டுத் தராது, கூடவே வரும் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிவிடும்.