நின்றுபோகும் முதல் வினாடி

கேள்வி: சுவர்க் கடிகாரத்தைச் சட்டென்று திரும்பிப் பார்த்தால், வினாடி முள் சற்று நின்றுவிட்டுப் பிறகு ஓடுவதுபோல் இருக்கிறது. 'காலத்தை நிறுத்தும் மனோசக்தி' என்கிறார் எங்கள் தியான ஆசிரியர். உண்மையா? (வாசகர், கரூர்)

பதில்: அப்படியானால் கடிகாரம் பார்க்கத் தெரிந்த எல்லாருக்கும் அந்தச் சக்தி உண்டு. கட்டணம் கட்டிக் கற்க வேண்டியதில்லை.

கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவித்தான் போகிறது. வினாடிக்கு மூன்று தாவல் சாதாரணம். தாவும்போது விழித்திரையில் விழுவது வெறும் தீற்றல். மூளை அதை நமக்குக் காட்டுவதில்லை. நிலைக்கண்ணாடி முன் நின்று இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். விழி அசைவது உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும். (செல்ஃபி கேமராவில் உங்களுக்கும் தெரிந்துவிடும், படம் திரைக்குச் சற்றுத் தாமதமாக வருகிறதே!)

அந்த இடைவெளி ஏன் இருட்டாகத் தோன்றுவதில்லை? தாவி முடித்ததும் கண்ணில் பட்டதை, தாவல் தொடங்குவதற்குச் சற்று முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருந்ததாக மூளை முன்தேதியிட்டு வரவு வைத்துக்கொள்கிறது. உங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த நேரம் அதுதான். கியலன் யாரோ (Kielan Yarrow) என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2001இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியிட்ட சோதனையில், முள்ளுக்குப் பதில் மாறிக்கொண்டே போகும் எண்களைப் பார்க்கவைத்தார்கள்; தாவல் நீளமானபோது முதல் எண் இன்னும் அதிக நேரம் நின்றதாகத் தோன்றியது. கண் தாவும்போதே இலக்கை நகர்த்தி, பார்ப்பவர் அதைக் கவனித்துவிட்டாலோ மாயை கலைந்தது. பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் மூளை இப்படிக் கணக்கெழுதுகிறது.

இது எல்லாத் தடவையும் வாய்க்காது. முள் துடித்த மறுகணமே கண் போய்ச் சேர வேண்டும்; அடுத்த துடிப்பை ஒட்டிச் சேர்ந்தால் ஒன்றும் தெரியாது. தலையை அசைக்காமல், சுவரின் மறுகோடியிலிருந்து கண்ணை மட்டும் தாவவிட்டுப் பத்து முறை முயன்று பாருங்கள். துடிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும் முள் என்றால் எண்ணிப் பார்க்க ஒரு துடிப்பே இல்லை. அப்படி ஒரு கடிகாரத்தை ஆசிரியர் முன் மாட்டி, நிறுத்திக் காட்டச் சொல்லலாம்.

மனோசக்தியைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது சாலைச் சந்திப்பைப் பற்றி. ஒரே வீச்சில் இடமிருந்து வலம் பார்த்துவிட்டு 'யாரும் இல்லை' என்று வண்டியைக் கிளப்புகிறோம். உண்மையில் தெளிவாகப் பார்த்தது கண் நின்ற இரண்டு மூன்று இடங்களை மட்டுமே. நடுவில் வந்த சைக்கிள்காரர் தாவலில் விடுபட்டிருக்கலாம். அங்கே ஒரு வெற்றிடம் இருந்ததாகக்கூட உங்களுக்குத் தோன்றாது. பக்கத்துக்கு மூன்று இடங்களில் கண்ணை நிறுத்திப் பாருங்கள்; இரு பக்கமும் இரண்டு முறை.