எக்ஸ்க்ளூசிவ் கேம்களை நம்பி கன்சோல் வாங்கலாமா, மாதச் சந்தா போதுமா?

கேள்வி இதுதான்: எல்லா கேமும் எல்லா மெஷினிலும் வர ஆரம்பித்துவிட்டது, சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கில் கேம் கிடைக்கிறது, இனி ஒரு கன்சோலை அதன் எக்ஸ்க்ளூசிவ்களுக்காக, அதாவது அதில் மட்டும் கிடைக்கிற கேம்களுக்காக, வாங்குவதில் அர்த்தம் உண்டா?

வாங்கலாம். சந்தாவும் கட்டலாம். ஆனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்றை விசாரித்துவிடுங்கள்: நீங்கள் ஆரம்பிக்கிற கேமை முடிக்கிற வரைக்கும் அது உங்களிடம் இருக்குமா? எந்த மெஷினில் வருகிறது, எத்தனை மெஷினில் வருகிறது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதனால்தான் பதில் நீளமாகப் போகும்.

நீங்கள் முதல் கன்சோல் வாங்கப் போகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். பகல் முழுக்க வேலை, இரவில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது, இரண்டு கன்சோல் வாங்குகிற யோசனைக்கே இடமில்லை. நான் வாங்கியபோது என் நிலைமை அப்படித்தான் இருந்தது. அதனால் நிறைய யோசித்து, டிஸ்க் போடும் வசதியே இல்லாத மாடலாகப் பார்த்து வாங்கினேன். சந்தா இருக்கிறதே, டிஸ்க் எதற்கு என்று நினைத்தேன். எந்தக் கன்சோல், எந்தச் சேவை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு கம்பெனிச் சண்டையாகிவிடும், நான் சொல்ல வந்தது காணாமல் போய்விடும்.

சந்தாவில் ஒரு பெரிய ரோல் பிளேயிங் கேம் இருந்தது. நீளமான கதை, ஊர் ஊராகப் போக வேண்டும், யாரைக் காப்பாற்றுகிறோம் யாரை விட்டுவிடுகிறோம் என்பதைப் பொறுத்து பின்னால் எல்லாம் மாறும். என் பெண் குழந்தை தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஆடுவேன். சில நாள் நாற்பது நிமிடம், சில நாள் பத்து நிமிடம், சில வாரம் ஒன்றுமே இல்லை. என்னுடைய வீரனுக்கு இறந்துபோன என் மாமாவின் பெயரை வைத்திருந்தேன். சின்ன வயதில் என் கையில் முதன்முதலில் ஒரு கன்ட்ரோலரைக் கொடுத்தவர் அவர்தான். இப்படி ஏழு மாதத்தில் 62 மணி நேரம் ஆகியிருந்தது.

அப்புறம் ஒரு நாள் அந்த கேமின் படத்தின் மூலையில் ஒரு சின்னக் கடிகாரக் குறி. இந்த மாதக் கடைசியோடு போகிறது என்று அர்த்தம். எனக்கு இருந்தது இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தில் கதையை ரசித்து ஆடவில்லை, ஓடினேன். பேசுகிறவர்கள் பேச்சை முடிக்கும் முன்பே பட்டனைத் தட்டித் தாண்டினேன். போகாத கிராமங்களை விட்டுவிட்டேன். கடைசி இரவு இரண்டு மணிக்குக் கடைசிக் கோட்டையின் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். கதவு பாதி திறந்திருக்கிறது, உள்ளே டார்ச் வெளிச்சம் தெரிகிறது, மூலையில் சேவ் ஆகிறது என்கிற வட்டம் சுற்றி நின்றது. மறுநாள் ஆறு மணிக்கு எழ வேண்டும். உள்ளே எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது. அணைத்துவிட்டேன்.

அடுத்த நாள் இரவு பட்டனை அழுத்தினால், இதை ஆட வேண்டுமென்றால் வாங்கியிருக்க வேண்டும் என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. செட்டிங்ஸுக்குள் போய் ஸ்டோரேஜைப் பார்த்தேன். விட்ட இடத்தைப் பதிந்து வைத்திருக்கிற என் சேவ் ஃபைல் அங்கேயே பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கத்தான் வழியில்லை.

வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம்தான். போவதற்கு முன்னால் சந்தாதாரர்களுக்குத் தள்ளுபடியும் கொடுத்தார்கள், மறைக்கவில்லை. அந்த மாதம் வீட்டில் மருத்துவச் செலவு இருந்தது, கேமுக்குப் பணம் எடுக்க மனம் வரவில்லை. முன்கூட்டியே அறிவித்தார்கள், விதிமுறையில் எழுதியிருக்கிறது, இதெல்லாம் எனக்கும் தெரியும். அவர்கள் சட்டத்தை மீறினார்கள் என்று நான் சொல்லவே இல்லை. மாதத்துக்கு ஒரு பட்டியலை மாற்றுகிற சேவையும், ஏழு மாதம் எடுத்து ஆட வேண்டிய கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, அதை வாங்கும்போது யாரும் வாங்குபவரிடம் சொல்வதில்லை. அவ்வளவுதான் என் புகார்.

சில மாதம் கழித்து அதே கேம் கம்ப்யூட்டரில் பாதி விலைக்கும் கீழே வந்தது. வாங்கிவிட்டேன். எல்லா மெஷினிலும் வருகிற கேம்தானே, சேவ் கூட வந்துவிடும் என்று நம்பினேன். வரவில்லை. கன்சோல் சேவ் கன்சோலில் மட்டும், கம்ப்யூட்டர் சேவ் கம்ப்யூட்டரில் மட்டும். கேமை வெளியிட்டவர்களுக்கு எழுதினேன். கேமை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்து பாருங்கள் என்று மூன்று முறை ஒரே பதில் வந்தது. நான் கேட்ட கேள்வியை ஒருவரும் படிக்கவில்லை.

அதனால்தான் "இப்போது எல்லாமே மல்டிபிளாட்ஃபார்ம், கவலையே இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை. ஐந்து மெஷினில் ஒரு கேம் வருவது கம்பெனிக்கு ஐந்து சந்தை. எனக்கு அது ஒரே கேமாக இருக்க வேண்டுமென்றால் என் சேவ் கூடவே வர வேண்டும். இதைச் செய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது, செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். சைபர்பங்க் 2077, 2022 செப்டம்பர் அப்டேட்டில் மெஷினுக்கு மெஷின் சேவ் கொண்டுபோகும் வசதியைக் கொடுத்தது. அதே வருடம் டிசம்பரில் தி விட்சர் 3 கொடுத்தது, அது 2015இல் வந்த கேம். பால்டர்ஸ் கேட் 3இல் அந்த ஸ்டுடியோவின் கணக்கு ஒன்றைத் திறந்தால் போதும். மறுபக்கம் பெர்சோனா 5 ராயலைப் பாருங்கள். சாதாரணமாக நூறு மணி நேரம் இழுக்கிற கேம். 2022இல் மற்ற மெஷின்களுக்கு வந்தபோது, சோனியின் பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) சேவ் ஃபைலை அடுத்து வந்த பிஎஸ்5க்குக்கூட கொண்டுபோக முடியாது என்றார்கள். இரண்டுமே ஒரே கம்பெனியின் கன்சோல்!

சரி, எக்ஸ்க்ளூசிவுக்கு வருகிறேன். அதை மொத்தமாகத் திட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். எக்ஸ்க்ளூசிவ் என்ற ஒரே வார்த்தையில் மூன்று வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம்.

முதல் வகை, கன்சோல்காரர் காசு போட்டதால் மட்டுமே பிறந்த கேம். பேயோனெட்டா 2 விஷயத்தில் நிண்டெண்டோ பணம் போட்டது, அதனால் 2014இல் அதன் வீ யூ கன்சோலில் மட்டும் வந்தது. முதல் பாகத்தை மற்ற கன்சோல்களில் ஆடியவர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பணம் வராமல் இருந்தால் கோபப்படுவதற்கு அந்த கேமே இருந்திருக்காது. இன்னொன்று, ஒரு மெஷினை மனதில் வைத்துச் செய்தால் கிடைக்கிற நுணுக்கம். பிஎஸ்5 உடனேயே வந்த ஆஸ்ட்ரோஸ் பிளேரூமில் மழை பெய்கிற இடம் ஒன்று உண்டு. துளி துளியாக உள்ளங்கையில் விழுவதை கன்ட்ரோலர் வழியாக உணரலாம். என் பெண் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பித் தண்ணீர் எங்கே என்று தேடினாள். இருபது விதமான கன்ட்ரோலருக்குப் பொதுவாகச் செய்கிறவர்கள் இவ்வளவு தூரம் மெனக்கெட மாட்டார்கள். எனக்கு இந்த வகையில் எந்த வருத்தமும் இல்லை.

இரண்டாவது வகை, எப்படியும் வரப்போகிற கேமைக் காசு கொடுத்துத் தடுத்து வைப்பது. ரைஸ் ஆஃப் தி டூம் ரைடர் 2015 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் வந்தது, பிஎஸ்4 வைத்திருந்தவர்கள் 2016 அக்டோபர் வரை காத்திருந்தார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 16, 2023 ஜூனில் பிஎஸ்5இல் வந்து, எக்ஸ்பாக்ஸுக்குப் போய்ச் சேர 2025 ஜூன் ஆனது. இதில் ஆடுகிறவருக்கு ஒரு லாபமும் இல்லை. கதை முழுக்க அதற்குள் வெளியே தெரிந்துவிடுகிறது, கூட இருக்கிற நண்பர்கள் பேசி முடித்த பிறகு நாம் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. இந்த மாதிரி ஒரு கேமுக்காக மட்டும் கன்சோல் வாங்க நினைக்கிறீர்கள் என்றால் வேண்டாம், காத்திருங்கள்.

மூன்றாவது, ஸ்டுடியோவையே வாங்கிவிடுவது. மைக்ரோசாஃப்ட் பெதெஸ்டா என்ற கேம் கம்பெனியின் தாய்க் கம்பெனியை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக 2020இல் அறிவித்தது. 2023இல் பெதெஸ்டா செய்த ஸ்டார்ஃபீல்ட் வந்தபோது பிளேஸ்டேஷனில் இல்லை. அதே மைக்ரோசாஃப்ட் 2024 பிப்ரவரியில் தன்னுடைய நான்கு கேம்களை மற்ற கன்சோல்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னது, 2025இல் ஃபோர்சா ஹொரைசன் 5உம் கியர்ஸ் ஆஃப் வாரும் பிஎஸ்5க்கே வந்துவிட்டன. ஃபோர்சாவுக்காகவே எக்ஸ்பாக்ஸ் வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஏமாந்தவர்கள் இல்லை. அன்றைக்கு அவர்களுக்குச் சொல்லப்பட்டதை நம்பினார்கள், பின்னால் கணக்கு மாறிவிட்டது.

மாறாமல் எப்படி இருக்கும்? 2023இல் அமெரிக்க நீதிமன்ற வழக்கில் சரியாக மறைக்கப்படாத ஒரு சோனி ஆவணத்தில், தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்துக்கு ஏறக்குறைய 22 கோடி டாலர் செலவானது தெரிய வந்தது. இத்தனை பணத்தை ஒரே கன்சோல் வைத்திருப்பவர்களிடமிருந்து மட்டும் திரும்ப எடுப்பது பெரிய பாரம். சோனியே 2020 முதல் தன் பெரிய கேம்களைத் தாமதமாகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது, ஹெல்டைவர்ஸ் 2ஐ 2024இல் முதல் நாளே இரண்டிலும் வெளியிட்டது. நிண்டெண்டோ மட்டும்தான் மரியோவையும் செல்டாவையும் மற்றவர்களின் கன்சோலுக்கு விடாமல் வைத்திருக்கிறது. மரியோதான் வேண்டுமென்றால் உங்களுக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை, நிண்டெண்டோவை வாங்குங்கள்.

சந்தாவைப் பற்றி நியாயமாகவும் பேச வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு மடம் ஒன்றில் ஓவியம் வரைகிறவன் கொலை ஒன்றை விசாரிக்கிற கதை பென்டிமென்ட், 2022இல் வந்தது. மைக்ரோசாஃப்டின் சந்தாவான கேம் பாஸ் இல்லாவிட்டால் அந்த கேமே இல்லை என்று அதன் இயக்குநர் ஜோஷ் சாயர் வெளிப்படையாகச் சொன்னார். கடையில் இருந்தால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன், சந்தாவில் இருந்ததால் ஆடினேன், ஆடிய நல்ல கேம்களில் அது ஒன்று. ஆனால் அதே ஏற்பாட்டில்தான் ஹை-ஃபை ரஷ் என்ற கேமும் வந்தது. 2023 ஜனவரியில் அறிவித்த நாளிலேயே சந்தாவில் இறங்கியது, எல்லோரும் பாராட்டினார்கள், விருதும் வாங்கியது. 2024 மே மாதம் அதைச் செய்த டாங்கோ ஸ்டுடியோவை மூடுகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. பின்னால் வேறொரு கம்பெனி அதை எடுத்துக்கொண்டது, அது தனிக் கதை. விலையும் அப்படியே நிற்காது. கேம் பாஸின் உயர்ந்த அடுக்கு 2025 அக்டோபரில் மாதம் 20 டாலர் என்பதிலிருந்து ஒரேயடியாக 30 ஆனது. இரண்டு மூன்று நாளில் முடிகிற சின்ன கேம்களுக்கும், பிடிக்குமா பிடிக்காதா என்று தொட்டுப் பார்ப்பதற்கும் சந்தா அருமையானது. அறுபது மணி நேர கேமை மெதுவாக ஆடுகிறவருக்கு அது ஆபத்து.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வெகுநாளாக இருக்கிறது. கேமில் வருகிற எழுத்தின் அளவு. சோபாவில் உட்கார்ந்து ஆடுகிற மெஷினுக்கு எறும்பு சைஸில் சப்டைட்டில் போடுகிறார்கள். குழந்தை தூங்குகிற வீட்டில் சத்தம் வைக்க முடியாது, சப்டைட்டில்தான் கதை. எழுந்துபோய் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஆடிய இரவுகள் எத்தனையோ. தி விட்சர் 3 வந்தபோதும் இதே புகார் எழுந்து, அப்டேட்டில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி கொடுத்தார்கள். இன்னும் கேம் வெளிவந்து, ஆட்கள் கத்திய பிறகுதான் அதைச் சேர்க்கிறார்கள். இந்த கன்சோல் நல்லதா அந்த கன்சோல் நல்லதா என்று வருடக்கணக்கில் சண்டை போடுகிற கூட்டத்தில் பாதிப் பேர் இதைப் பற்றிப் பேசியிருந்தால் எப்போதோ சரியாகியிருக்கும்.

உங்களுக்கு என் யோசனை: விலை கொஞ்சம் கூட இருந்தாலும் டிஸ்க் டிரைவ் உள்ள மாடலை வாங்குங்கள். நிதானமாக ஆடப்போகிற ஒன்றிரண்டு பெரிய கேம்களை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், டிஸ்க் என்றால் முடித்த பிறகு விற்கவோ நண்பருக்குக் கொடுக்கவோ முடியும். சந்தாவை வருடம் முழுக்கக் கட்ட வேண்டாம், நேரம் இருக்கிற மாதத்தில் மட்டும் கட்டுங்கள். சந்தாவில் ஒரு நீளமான கேமில் பத்து மணி நேரத்தைத் தாண்டிவிட்டீர்கள், பிடித்தும் போய்விட்டது என்றால், தள்ளுபடி வருகிற முதல் நாளே வாங்கிவிடுங்கள். பின்னால் வேறு மெஷினுக்கு மாறுவீர்கள் என்று தோன்றினால் அந்த கேமுக்கு கிராஸ் சேவ், அதாவது மெஷின் மாறினாலும் சேவ் கூடவே வருகிற வசதி, உண்டா என்று தேடிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

நான் அந்த கேமைக் கம்ப்யூட்டரில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி மாமா பெயர்தான். இந்த முறை யார் பேச்சையும் தாண்டவில்லை, போன தடவை விட்டுப்போன கிராமங்களுக்கெல்லாம் போனேன். நேற்று இரவுதான் திரும்பவும் அந்தக் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தேன். இன்றைக்குப் பெண் தூங்கியதும் உள்ளே போகிறேன்.