பழைய மருந்து ஸ்டோர் நிலத்தில் கங்குங் கீரை போடலாமா?

சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவர் வீட்டுப் பின்புறம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்து மருந்து ஸ்டோர் இருந்ததாம். மண்ணைக் கொத்தும்போது துருப்பிடித்த டிரம் ஒன்று வந்தது, அடியில் வெள்ளைக் கட்டி. "லாலான் புல்லுக்கு அடித்த களை மருந்து, ஐம்பது வருஷமாச்சு, வீரியம் போயிருக்கும்" என்கிறாராம் மாமனார். கங்குங் போடலாமா?

வேண்டாம் அக்கா. அந்தக் கட்டியையும் தொடாதீர்கள்.

அது சோடியம் ஆர்சனைட் என்ற ஆர்சனிக் விஷமாக இருக்கலாம். லாலானைக் கருக்கவும், மறுநடவுக்கு முன் கிழட்டு ரப்பர் மரங்களைப் பட்டுப்போக வைக்கவும் மலாயா தோட்டங்களில் வெகுகாலம் பயன்படுத்தியது இதைத்தான். வெள்ளைப் பாஷாணத்தை, அதாவது ஆர்சனிக் ஆக்சைடை, காஸ்டிக் சோடாவில் கரைத்தால் கிடைக்கிற உப்பு, தண்ணீரில் சட்டென்று கரையும், அதனால்தான் அத்தனை ஆபத்து.

மாமனார் சொல்கிற மாதிரி வீரியம் போகாது. இப்போது அடிக்கிற பல மருந்துகளை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நாளடைவில் உடைத்துவிடும், ஆனால் ஆர்சனிக் ஒரு தனிமம், அதை உடைக்கவே முடியாது, அது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதுதான் மாறும். காற்றுப் படும் மண்ணில் ஆர்சனைட் மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து ஆர்சனேட் என்ற இன்னொரு வடிவமாக மாறி, நம் ஊர்ச் செம்மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருக்கும் வரை ஓரளவு அடங்கியிருக்கும். தண்ணீர் தேங்கினால் கதை வேறு: மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்து, அந்த இரும்பு கரைய ஆரம்பிக்கும், பிடித்து வைத்திருந்த ஆர்சனிக்கும் கூடவே வெளியே வரும், அதுவும் அதிக நச்சுள்ள ஆர்சனைட்டாக. கங்குங்குக்கு எப்போதும் ஈரம் வேண்டும், அப்புறம் எப்படிச் சரிவரும்? பாஸ்பேட் உரமும் போடாதீர்கள், பாஸ்பேட்டும் ஆர்சனேட்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை, உரம் உள்ளே போனால் ஆர்சனிக் வெளியே வரும். சுண்ணாம்பு போட்டாலும் பிடி தளரலாம்.

டிரம்மைக் கழுவிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள், கழுவிய தண்ணீர் கால்வாயில்தான் போய்ச் சேரும். எரிக்கவும் கூடாது, புகையோடு பாஷாணம் மூச்சுக்குள் போகும். துருவை எடுக்கிறேன் என்று யாராவது ஆசிட் ஊற்றினால் இன்னும் மோசம்: ஆசிடும் இரும்பு, துத்தநாகம் போன்ற உலோகமும் ஆர்சனிக்கோடு சேர்ந்தால் ஆர்சீன் வாயு உண்டாகலாம், அது இரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும்.

மழை படாமல் கான்வாஸ் போட்டு மூடி, பிள்ளைகளையும் கோழிகளையும் அந்தப் பக்கம் விடாமல், சுற்றுச்சூழல் துறையைக் கூப்பிடுங்கள். மண்ணை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்காமல் எதுவும் நடாதீர்கள். பக்கத்தில் கிணறு இருந்தால் அந்தத் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுங்கள். குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான், காய்ச்சினால் ஆர்சனிக் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும். கட்டியை ஏற்கெனவே கையால் எடுத்தவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.