லிமிட்டெட் கம்பனிக் கடனுக்கு வீடு போகுமா?

மானிப்பாயிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இது: 2017 இல் மனைவியின் தம்பியோடு சேர்ந்து கட்டடப் பொருள் விற்கும் தனியார் கம்பனி ஒன்றைத் தொடங்கினார். இருவரும் பணிப்பாளர்கள். வங்கிக் கடன் ஒரு கோடி எண்பது இலட்சம். அதற்கு மனைவியின் சீதன வீட்டை ஈடு வைத்ததோடு, பணிப்பாளர்கள் இருவரும் தனிப்பட்ட பிணையும் எழுதிக் கொடுத்தார்கள். 2022 இல் சீமெந்தும் கம்பியும் விலையேறி, வட்டியும் ஏறி, வியாபாரம் படுத்துவிட்டது. மச்சான் இப்போது கனடாவில். கொழும்பு மொத்த வியாபாரி ஒருவர், மூன்று கிழமைக்குள் காசு கட்டும்படி சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறார். வங்கியும் எழுதத் தொடங்கிவிட்டது. இதற்கிடையே நகரத்தில் ஒருவர், "கம்பனியின் பேரை வெட்டுவித்துத் தாறன், மற்ற வளவை மகளின்ர பேருக்கு மாத்துவம், எல்லாம் முடிஞ்சிடும்" என்று மூன்று இலட்சம் கேட்கிறாராம். வாசகரின் கேள்வி: "லிமிட்டெட் கம்பனிதானே, எங்கள் சொந்தச் சொத்துக்கு வர முடியுமா?"

மொத்த வியாபாரியால் முடியாது. வங்கியால் முடியும்.

கம்பனி சட்டத்தின் கண்ணில் தனி ஆள். அதன் கடன் அதனுடையது. லிமிட்டெட் என்பது கம்பனிக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே போட்ட கதியால் வேலி. பிணைப்பத்திரத்தில் கையெழுத்து வைத்த அன்று அந்த வேலியில் நீங்களே ஒரு படலை வைத்து, திறப்பை வங்கியிடம் கொடுத்துவிட்டீர்கள். மொத்த வியாபாரியிடம் அப்படி ஒரு திறப்பு இல்லை, அவருக்கும் நீங்கள் தனிப்பட்ட பிணை எழுதிக் கொடுத்திருந்தால் தவிர.

முதலில் அந்த வியாபாரியின் கடிதத்தைப் பார்ப்போம், அதற்குத்தான் நாள் ஓடுகிறது. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கடனைக் கேட்கும் கடிதம் பதிவுசெய்த அலுவலகத்தில் சேர்க்கப்பட்டு மூன்று கிழமையாகியும் கம்பனி கவனிக்காவிட்டால், அந்தக் கம்பனிக்குக் கடன் கட்டும் வல்லமை இல்லை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதை வைத்துக் கம்பனியை முடிவுறுத்தச் சொல்லி, அதாவது கலைத்துவிடச் சொல்லி, அவர் நீதிமன்றம் போகலாம். ஆகவே பதில் எழுதுங்கள். பில்லில் பிழை இருக்கிறது, சாமான் குறைவாக வந்தது என்றால் அதை இப்போதே எழுத்தில் சொல்லுங்கள். உண்மையான பிணக்கு உள்ள கடனை அறவிட முடிவுறுத்தல் மனுவைத் தடியாகப் பிடிப்பதை நீதிமன்றங்கள் விரும்புவதில்லை. ஆனால் மூன்று கிழமை வாய்மூடி இருந்துவிட்டுப் பிறகு பிணக்கைக் கண்டுபிடிப்பவரை யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த மனு எங்கே வரும் தெரியுமா? உங்கள் கம்பனி மானிப்பாயில், கடை மானிப்பாயில், கணக்குப் புத்தகம் மானிப்பாயில். வழக்கு மட்டும் கொழும்பு புதுக்கடையில். ஒரு மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் தரப்படாதவரை மேல் மாகாணத்தின் மேல் நீதிமன்றமே பார்க்கும் என்று கம்பனிகள் சட்டம் சொல்கிறது. அதாவது கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம். ஒரு தவணைக்குப் போய்வர நானூறு கிலோமீற்றர் ஒரு பக்கம். அங்கே போனால் "இன்னொரு தவணை" என்பார்கள். கடனை விடப் பஸ் காசு கூடிப்போன வழக்குகள் உண்டு. வடக்கில் கம்பனி பதியச் சொல்லி ஊக்குவிப்பவர்கள் அந்தக் கம்பனி நொடிந்தால் எங்கே போவது என்பதை யோசிப்பதாகத் தெரியவில்லை.

அவருக்குப் பின்திகதியிட்ட காசோலை ஏதும் கொடுத்திருந்தால் உடனே சொல்லுங்கள். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டு காசோலை எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தில் குற்றம். குற்ற வழக்கில், கையெழுத்து வைத்தவர் கம்பனியின் பேருக்குப் பின்னால் ஒளிய முடியாது. ஊழியர் சேமலாப நிதியும் இதே மாதிரி. நீங்கள் 12 வீதம் போடவேண்டும், தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் வெட்டியிருப்பீர்கள். வெட்டி எடுத்துக் கட்டாமல் விட்டிருந்தால் தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும், பணிப்பாளரின் கதவைத்தான் தட்டும். கையில் இருக்கும் கொஞ்சக் காசை யாருக்குக் கட்டுவது என்று என்னைக் கேட்டால், முதலில் அதற்கு.

இனி வங்கி. எங்கள் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தில் பிணைக்காரருக்கு இரண்டு நல்ல பாதுகாப்புகள் இருந்தன. "முதலில் கடன்பட்டவரிடம் கேள், அங்கே தேறாவிட்டால் என்னிடம் வா" என்று சொல்லலாம். "இரண்டு பேர் பிணை நின்றோம், என் பங்கை மட்டும் கேள்" என்றும் சொல்லலாம். வங்கி அச்சடித்து வைத்திருக்கும் பிணைப்பத்திரத்தில் இந்த இரண்டையும் கைவிடுவதாக ஒரு வரி வழக்கமாக இருக்கும். உங்களுடையதிலும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே பேசுகிறேன். ஆகவே மச்சான் கனடாவில் இருப்பது வங்கிக்கு ஒரு பொருட்டே இல்லை. முழுத் தொகையையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் உங்களிடம் கேட்கும். அந்தப் பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். வடக்கின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கிறோம். வீடுவாசலை எழுதிக் கொடுக்கும் தாள் மட்டும் வீட்டுக்காரருக்கு விளங்காத மொழியில், அதுவும் பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் கையெழுத்து.

வீட்டின் கதை வேறு, அதில் உங்களுக்கு ஒரு சின்னப் பிடி இருக்கலாம். அது மனைவியின் சீதனம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்வதால், ஈட்டு உறுதியில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். அது சம்மதத்துக்கு வைத்த கையெழுத்து, உங்களை வீட்டுக்காரர் ஆக்காது. வீடு அவருடையது, கடன் பெற்றது கம்பனி.

வங்கிகளுக்கு 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் ஒரு குறுக்குப் பாதை கொடுத்திருக்கிறது. பத்திரிகைகளில் பராட்டே என்று படித்திருப்பீர்கள். வழக்குப் போடாமல், வங்கியின் பணிப்பாளர் சபையே தீர்மானம் எடுத்து, வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் போட்டு, ஈட்டுக் காணியை ஏலத்தில் விற்கலாம். வட்டி சேர்க்காத முதல்தொகை ஐம்பது இலட்சத்துக்குக் குறைந்த கடனுக்கு இதைப் பாவிக்க முடியாது என்று 2011 இல் திருத்தினார்கள். உங்களுடையது அதைத் தாண்டியது. 2024 இல் இந்த அதிகாரத்தைச் சிலகாலம் நிறுத்தியும் வைத்தார்கள். அதை நிரந்தர மன்னிப்பு என்று நினைத்து வங்கிக் கடிதங்களைப் பிரிக்காமல் அடுக்கி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

2006 இல் ராமச்சந்திரன் வழக்கில் உயர் நீதிமன்றம், கடன் பெற்றவர் ஈடு வைத்த சொத்துக்குத்தான் இந்தக் குறுக்குப் பாதை, வேறொருவர் கடனுக்காக மூன்றாம் ஆள் ஈடு வைத்த சொத்துக்கு அல்ல என்றது. உங்கள் மனைவி அப்படி ஒரு மூன்றாம் ஆளா? அதைத்தான் பார்க்கவேண்டும். கம்பனியில் அவர் பணிப்பாளரும் இல்லை, பங்குதாரரும் இல்லை என்றால், ஏலத்துக்கு முன்னரே தடையுத்தரவு கேட்க நல்ல வாதம் உண்டு. அவர் பணிப்பாளர் என்றால் வாதம் மெலிந்துவிடும், ஏனென்றால் சொத்துக்காரரும் கம்பனியும் உள்ளுக்குள் ஒரே ஆள்தான் என்று தெரிந்தால் திரையை விலக்கிப் பார்ப்போம் என்று பின்னர் அதே நீதிமன்றம் காட்டியிருக்கிறது. வெறும் ஒரு பங்கு மட்டும் அவர் பேரில் இருந்தால் நடுத்தரம், வாதாடிப் பார்க்கலாம். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஒரு பங்குதாரரோடு கம்பனி தொடங்க 2007 சட்டம் இடம் தருகிறது. இருந்தும் பழைய பழக்கத்தில் "மனுசியின்ர பேரையும் போடுவம்" என்று போட்டுவிடுகிறார்கள். கம்பனிச் செயலாளரிடம் பங்குப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். அப்புறம் ஒன்று, இந்த வாதம் வென்றாலும் அடைபடுவது குறுக்குப் பாதைதான். ஈட்டு வழக்குப் போட்டு, தீர்ப்பு எடுத்து, வீட்டை விற்கும் நேர்ப்பாதை வங்கிக்குத் திறந்தே இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது காலம். அந்தக் காலத்தில் பேசி முடிக்கவேண்டும்.

சரி, மூன்று இலட்சம் கேட்கும் அந்த மனிதருக்கு வருவோம். தயவுசெய்து ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கம்பனிப் பதிவாளர் ஒரு கம்பனியின் பேரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம், உண்மைதான். நீக்கிய பிறகும் பணிப்பாளர், பங்குதாரரின் பொறுப்புகள் நீக்காதது போலவே தொடரும் என்று அதே சட்டம் சொல்கிறது. உங்கள் பிணைக்கும் கம்பனியின் பேர் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பணிப்பாளர் பதவியிலிருந்து விலகும் படிவம் போடுவோம் என்றும் அடுத்ததாகச் சொல்வார். விலகலாம். பிணை விலகாது. வங்கி எழுத்தில் விடுவித்தால் மட்டுமே பிணை தீரும்.

மகளின் பேருக்கு நன்கொடை உறுதி எழுதுவது இதைவிட மோசம். கடன் கொடுத்தவரை ஏய்க்கச் சொத்தைக் கைமாற்றினால், அந்தக் கைமாற்றத்தை ரத்துச் செய்விக்கக் கடன் கொடுத்தவர் வழக்குப் போடலாம். பவுலியன் வழக்கு என்பார்கள், உரோமர் காலத்துச் சரக்கு, இன்றும் நன்றாக வேலை செய்கிறது. காசு கொடுத்து வாங்கியவரிடமிருந்து பிடுங்க, அவருக்கும் அந்த ஏமாற்று தெரியும் என்று காட்டவேண்டும். இலவசமாக வாங்கியவரிடம் அதுகூடத் தேவையில்லை. ஆகவே மகளின் உறுதிதான் முதலில் விழும். தகப்பனின் கடன் வழக்கில் பிள்ளையும் எதிராளியாக நிற்பாள். இந்த ஆலோசனை சொன்னவர் அன்றைக்குக் கோட்ஸ் பக்கம் வரமாட்டார்.

இன்னும் ஓர் ஆள் வருவார், வராவிட்டால் ஆச்சரியம். "வங்கிக்குக் கட்டக் காசு நான் தாறன், காணியை என்ர பேருக்கு அறுதியா எழுதுங்கோ, நீங்கள் காசு தந்த உடன திருப்பி எழுதித் தாறன்." அந்த வாய்ச்சொல்லை மட்டும் நம்பி நீதிமன்றத்தில் வெல்வது கஷ்டம். காணி பற்றிய உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் செல்லாது என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து சட்டம். உறுதியில் அறுதி விற்பனை என்று இருந்தால், அது விற்பனை இல்லை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில். குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை கட்டி, கடைசியில் வெளியேறியவர்கள் வலிகாமம் முழுக்க இருக்கிறார்கள். அப்படி எழுதச் சம்மதிக்கும் நொத்தாரிசுமாரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

நீங்கள் செய்யவேண்டியது அலுப்பான வேலை. கம்பனியால் கடன் கட்ட முடியாது என்று ஒரு பணிப்பாளர் நினைத்தால், உடனே பணிப்பாளர் சபையைக் கூட்டி, முடிவுறுத்துவதா தொடர்வதா என்று பார்க்கவேண்டும். இது 219 ஆம் பிரிவு. கூட்டாமல் இழுத்து, அதனால் கடன் கொடுத்தவர்களுக்கு நட்டம் கூடிப் பின்னர் கம்பனி முடிவுறுத்தப்பட்டால், அந்த நட்டத்தை உங்களிடமே கேட்க நீதிமன்றத்தால் முடியும். உங்கள் அமைப்பு விதிகள் இடம் தந்தால் மச்சானைக் காணொலியில் சேர்த்துக் கூட்டுங்கள். கூட்டக் குறிப்பு எழுதிக் கையெழுத்து வையுங்கள். இன்றிலிருந்து கடனுக்குப் புதுச் சரக்கு எடுக்காதீர்கள்.

பிறகு வங்கிக்கு எழுத்தில் ஒரு யோசனை கொடுங்கள்: மாதம் எவ்வளவு கட்ட முடியும், எந்தக் காணியை எப்போது நீங்களாகவே விற்பீர்கள், வட்டியில் எவ்வளவு குறைக்கக் கேட்கிறீர்கள். நலிந்த தொழில்களைத் தூக்கிவிடவென்று வங்கிகளில் தனிப் பிரிவு இருக்கவேண்டும் என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. கிளை முகாமையாளர் "அதெல்லாம் கொழும்பில" என்று கைவிரித்தால், கொழும்புக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மற்ற வளவை நீங்களாக விற்பதானால் சந்தை விலைக்கு விற்று, காசை நேரே கடன் கணக்கில் போடுங்கள். ஏலத்தில் போகும் விலையை விட அது நிச்சயம் மேல். ஏல நாளுக்கு முன் முழு நிலுவையையும் செலவோடு கட்டினால் ஏலம் நிற்கும்.

மச்சானை விட்டுவிடாதீர்கள். நீங்கள் உங்கள் பங்குக்கு மேல் வங்கிக்குக் கட்டினால், கூடப் பிணை நின்றவரிடம் அவர் பங்கைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குடும்பத்துக்குள் அதைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கு விளங்குகிறது. குறைந்தது, கம்பனி அலுவல்களில் தன் சார்பில் கையெழுத்து வைக்க இங்குள்ள ஒருவருக்கு அவர் அற்றோணித் தத்துவம் கொடுக்கட்டும். பணிப்பாளராக அவர் போடவேண்டிய வாக்கை அவரே காணொலியில் போடட்டும். தத்துவத்தை ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அத்தாட்சிப்படுத்தி, மூலப்பிரதியை அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை வைத்துக்கொண்டு வங்கியிலும் பேச முடியாது, புதுக்கடையிலும் பேச முடியாது.